அறுந்த மாலையை மீண்டும் கோக்கலாம்: வீட்டிலேயே எளிய மணிமாலை

நூல் அறுந்துபோன மாலை ஒன்றாவது இல்லாத வீடு நம்மிடையே அரிது. பழைய பிஸ்கட் டின்னிலோ, அலமாரியின் அடியில் கிடக்கும் சுருக்குப் பையிலோ பாட்டியின் பவளம், அத்தையின் பளிங்குமணி, மகளின் பள்ளி நடனத்திற்காக வாங்கிய முத்துச்சரம் என்று ஏதாவது ஒன்று உதிரியாகக் கிடக்கும். தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கைமுடை வந்தபோது தங்கக் குண்டுகள் அடகுக்கடைக்குப் போயின. அவற்றுக்கு இடையே இருந்த பவளமும் கருகமணியும் தங்க எடையில் சேராது என்பதால் வீட்டிலேயே தங்கிவிட்டன. மணிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்த நூல்தான் இல்லை.

அந்த மணிகளை மீண்டும் மாலையாக்கவோ, புதிதாக ஒரு மாலை செய்யவோ பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது, நல்ல வெளிச்சம், ஒரு கத்தரிக்கோல், ஒரு கூர்மூக்குப் பிளையர் ஆகியவை போதும். ஆனால் பலரும் தொடக்கத்திலேயே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கடையில் அரைமணி நேரம் நின்று மணியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், நூல் எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாலை அறுவதற்கு அன்றே நாள் குறித்தாயிற்று. கண்ணாடி மணி நூறு ஆண்டு கிடந்தாலும் கெடாது. நூலுக்கு அந்த ஆயுள் கிடையாது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சில் "மணி கோர்த்தேன்" என்கிறோம். எழுத்துத் தமிழில் அது "கோத்தேன்" தான். கோ என்பது வினையடி. கோத்தல், கோவை எல்லாம் அதிலிருந்து வந்தவை. பாடல்களை வரிசைப்படுத்தித் தொகுத்த நூலையும் கோவை என்றோம், மணிகளை வரிசைப்படுத்திய அணியையும் கோவை என்றோம். இடையில் அணியும் மேகலை, காஞ்சி, கலாபம், பருமம், விரிசிகை ஆகியவற்றை நிகண்டுகள் வேறுபடுத்திக் காட்டுவதே அவற்றில் எத்தனை கோவை மணி இருக்கிறது என்ற கணக்கை வைத்துத்தான். நாம் இங்கே பார்க்கப்போவது ஒற்றைக் கோவை.

முதலில் அளவு

மாலையின் நீளத்தைக் கழுத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரணத் தையல் நூலைக் கழுத்தில் சுற்றி, கண்ணாடி முன் நின்று, மாலை எங்கே விழ வேண்டுமோ அங்கே பிடித்து வெட்டுங்கள். அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நீளம் தெரிந்துவிடும். பெரும்பாலான பெண்களுக்கு 40 சென்டிமீட்டர் மாலை கழுத்தடியை ஒட்டி நிற்கும். 45 சென்டிமீட்டர் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே விழும். 60 சென்டிமீட்டர் மார்புவரை இறங்கும். புடவைக்கு 45 அழகாக இருக்கும். பாஜு கூரோங் அணிந்து பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ போகும் ஆசிரியைகளும் எழுத்தர்களும் 60 பக்கம் போவது நல்லது. மூடிய வட்டக் கழுத்தின் மேல் குட்டை மாலை நிலையாக நிற்காமல் புரண்டுகொண்டே இருக்கும்.

மணியின் பருமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய மணிகள் கழுத்தின் பக்கமும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 12 மில்லிமீட்டர் மணியில் 45 சென்டிமீட்டர் மாலை செய்தால், உள்சுற்றில் ஏறக்குறைய 41 சென்டிமீட்டர்தான் கழுத்துக்குக் கிடைக்கும். "சரியாகத்தானே அளந்தேன், ஏன் இறுக்குகிறது?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். பருமணி என்றால் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. கொக்கிக்கும் வளையத்திற்கும் இரண்டரை சென்டிமீட்டர் போக, 45 சென்டிமீட்டர் மாலையில் மணிகளுக்கு 42.5 சென்டிமீட்டர் மிஞ்சும். 4 மில்லிமீட்டர் மணியானால் 106 வேண்டும். 6 மில்லிமீட்டரில் 70. 8 மில்லிமீட்டரில் 53. 10 மில்லிமீட்டரில் 42. ஐந்தாறு மணி கூடுதலாக வாங்குவது அவசியம். துளை அடைத்தது, ஓரம் உடைந்தது, வளைந்து போனது என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் சில கழியும். கல்மணிகளைச் சரமாகத் தொங்கவிட்டு விற்பார்கள். அந்தச் சரம் பெரும்பாலும் 38 முதல் 40 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு சரம் ஒரு மாலைக்குப் போதும் என்று நம்பி வாங்கிவந்து வீட்டில் நான்கு மணி குறைகிறதே என்று தவிப்பதைவிட, இடையிடையே போட ஒரு பொட்டலம் சிறு உலோக மணியையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

பொடிமணிகளை எண்ணால் குறிப்பார்கள். இங்கே எண் கூடக்கூட மணி சிறுக்கும். 6ஆம் எண் மணி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், 8ஆம் எண் 3 மில்லிமீட்டர், 11ஆம் எண் 2 மில்லிமீட்டர். புதிதாகத் தொடங்குபவர்கள் 11ஐத் தொடாமல் இருப்பது கண்ணுக்கு நல்லது. மணிகளும் கொக்கிகளும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு லிட்டில் இந்தியா போன்ற கடைவீதிகளில் தேடலாம். தையல் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் இருப்பவர்கள் இணையத்தில் வாங்குகிறார்கள். அப்படி வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். படத்தில் எல்லா மணியும் பெரிதாகத்தான் தெரியும்.

எந்த நூல்?

பருத்தி நூல் வேண்டாம். நம் நாட்டு வெயிலில் கழுத்து வியர்க்காத நாள் இல்லை. வியர்வை ஊறி ஊறிப் பருத்தி நூல் இற்றுப்போகும். கோயிலில் ஒருநாள் போட்டுக் கழற்றும் மாலைக்கு அது போதுமானது. தினமும் அணிவதற்கு உதவாது.

நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவது தூண்டில் நரம்பு. இங்கே தங்சி என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். விலை மலிவு, விறைப்பாக இருப்பதால் ஊசியே தேவையில்லை, நிறமும் தெரியாது. இவ்வளவு நல்ல குணமிருந்தும் கழுத்து மாலைக்கு அது ஏற்றதல்ல. வழுவழுப்பால் முடிச்சு மெல்ல நழுவும். சுருளில் இருந்த வளைவு மாலையிலும் வந்து, மாலை கழுத்தில் படியாமல் எழும்பி நிற்கும். வெயில் படப்பட விறைத்து, ஒருநாள் படக்கென்று ஒடியும். ரப்பர் போல் இழுபடும் நூல் கைவளைக்கு ஆகும். கழுத்தில் மணியின் பாரமே அதை இழுத்து, மணிக்கும் மணிக்கும் இடையே நூல் தெரியச் செய்துவிடும்.

எளிய மாலைக்கு ஏற்றது, பல இழைகளை முறுக்கிச் செய்த நைலான் நூல். வியர்வையைத் தாங்கும், மென்மையாகப் படியும், முடிச்சு நிற்கும். முத்துக்கும் பவளத்திற்கும் வழிவழியாகப் பட்டு நூல்தான். அதன் குழைவு வேறு எதிலும் வராது. ஆனால் பட்டு காலப்போக்கில் தளரும், அழுக்கேறும். அடிக்கடி அணியும் பட்டுநூல் மாலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துக் கோக்க வேண்டியிருக்கும். கனமான கல்மணிக்கும், துளையின் ஓரம் கத்திபோல் இருக்கும் பட்டைக் கண்ணாடிக்கும், நைலான் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி நூல் நல்லது. அதில் முடிச்சுப் போட முடியாது. கடைக்காரர்கள் கிரிம்ப் என்று சொல்லும் சிறு உலோகக் குழாய்மணியைப் பிளையரால் நசுக்கித்தான் நிறுத்த வேண்டும்.

நூலின் பருமனைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மணியின் துளையில் நூல் இரண்டு முறை தாராளமாகப் போக வேண்டும். மூன்றாம் முறை திணற வேண்டும். அதைவிட மெல்லியதானால் மணி நூலின்மேல் ஆடிஆடி அறுக்கும். அதைவிடப் பருமனானால் கடைசியில் நூல்முனையை உள்ளே திருப்பிச் செருக முடியாது. மணியையும் சோதிக்க வேண்டும். நூலை ஒரு மணியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இருபது முறை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூலில் பிசிறு எழுந்தால் அந்த மணி நூலைத் தின்னும் மணி. அதற்குக் கம்பிதான் வேண்டும், அல்லது வேறு மணி வேண்டும்.

சாயம் பூசிய மணியா என்று பார்ப்பதற்கும் இதே தருணம். இரண்டு மூன்று மணிகளை உப்புக் கலந்த நீரில் ஓரிரவு போட்டு, காலையில் வெள்ளைத் துணியில் தேயுங்கள். துணியில் இறங்கும் நிறம் நாளை வெள்ளைச் சட்டையிலும் இறங்கும். உண்மையான முத்து, பவளம் என்று தெரிந்தால் இந்தச் சோதனை தேவையில்லை.

கெடாவில் கிடைத்த மணிகள்

நூல் மறைந்தும் மணி நிற்பதற்குப் பெரிய சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கெடாவின் கோல மூடா பகுதியில் உள்ள சுங்கை மாஸ், பேராக் கடற்கரையோரச் சதுப்புநிலத்தில் உள்ள கோல செலின்சிங் ஆகிய இடங்களில் அகழாய்வாளர்கள் ஏராளமான பொடிக் கண்ணாடி மணிகளைக் கண்டெடுத்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு எனப் பெரும்பாலும் ஒற்றை நிற மணிகள். பலவும் ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறியவை. சுங்கை மாஸில் மணிகளோடு கண்ணாடிக் கழிவும் கிடைத்ததால், அவை அங்கேயே செய்யப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதே வகை மணிகள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பெருமளவில் செய்யப்பட்டன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம் அது. உருகிய கண்ணாடிக் குழம்பை உள்ளே காற்றுக்கூடு விட்டு நீண்ட குழாயாக இழுப்பார்கள். ஆறியதும் அந்தக் குழாயைச் சிறுசிறு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றும்போது கூர்மையான ஓரம் மழுங்கி மணியாகும். துளையைத் தனியாக இட வேண்டியதில்லை. குழாயின் உட்புறமே துளை. இந்த முறையில் செய்த மணிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்காசியாவரை பரவிக் கிடப்பதைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். இன்று பொட்டலத்தில் வாங்கும் பொடிக் கண்ணாடி மணிகளில் பெரும்பகுதி செய்யப்படுவதும் குழாயை இழுத்து நறுக்கும் அதே வழியில்தான், கையின் இடத்தில் இயந்திரம் வந்திருக்கிறது என்பதைத் தவிர.

தமிழகத்தில் கல்மணிக்கென்றே பெயர்பெற்ற ஊரும் இருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் பளிங்கு, சூதுபவளம் போன்ற கற்களில் மணி செய்த பட்டறைத் தடயங்கள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சுட்டும் ஊர் இதுவே என்பது அறிஞர்களின் கருத்து. கெடா பக்கம் போகும் குடும்பங்கள் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தங்கம் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மணி தேடிப் போகிறவர்களுக்கு அது நல்ல இடம்.

கோக்கும் முறை

மேசைமீது ஒரு தடித்த துவாலையை விரித்துக்கொள்ளுங்கள். வெறும் மேசையில் மணி உருண்டோடும். வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து நாற்காலிக்கு அடியில் தேட வேண்டிவரும். மணிகளைத் துவாலையின்மேல் மாலை வடிவிலேயே பரப்புங்கள். நடுமணியிலிருந்து தொடங்கி இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக அடுக்குவது நல்லது. ஒரு முனையிலிருந்து தொடங்கினால் கடைசியில் நடுமணி நடுவில் இருக்காது.

நூலை மாலையின் நீளத்தைவிட 30 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். நூலைக் கஞ்சமாக வெட்டினால் முடிச்சுப் போட விரலுக்கு இடம் இருக்காது. மெல்லிய மணி ஊசி கையில் இல்லையென்றால், நூல்முனை இரண்டு அங்குலத்தை நகப்பூச்சில் தோய்த்துக் காயவிட்டு, நுனியைச் சாய்வாக வெட்டினால் அதுவே ஊசியாகிவிடும். மறுமுனையில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் கவ்வவிடுங்கள். பாதி கோத்தபின் மணி எல்லாம் மறுபக்கம் சரிந்து கொட்டுவதைப்போல் மனத்தைத் தளரவைப்பது வேறெதுவும் இல்லை.

கோத்து முடித்ததும் கொக்கி கட்டுவதற்கு முன் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். மாற்றுவதாயிருந்தால் இதுதான் நேரம்.

இனி முடிச்சு. இதில்தான் நிதானம் வேண்டும். நூல்முனையைக் கொக்கியின் வளையத்தில் விட்டு வெளியே எடுத்து, மாலைப்பக்கம் உள்ள நூலோடு முடிச்சிட வேண்டும். சாதாரண முடிச்சில் நூலை ஒருமுறைதான் சுற்றுவோம். இங்கே முதல் சுற்றில் இரண்டு முறை சுற்றி இறுக்கி, அதன்மேல் எதிர்ப்பக்கமாக இன்னொரு முடிச்சுப் போடுங்கள். மருத்துவர்கள் தையலில் போடும் முடிச்சு இந்த வகைதான். முதல் முடிச்சு தளராமல் பிடித்துக்கொண்டிருப்பதால் இரண்டாவதை நிதானமாகப் போடலாம். பிறகு மிஞ்சிய நூலை வெட்டிவிடாமல் மூன்று நான்கு மணிகளுக்குள் திருப்பிச் செருகுங்கள். இரண்டு மணிக்கு இடையில் ஒரு சின்ன முடிச்சு, மீண்டும் இரண்டு மணிக்குள் செருகல். இதற்குப் பிறகுதான் கத்தரி. முடிச்சின்மேல் ஒரு பொட்டு நகப்பூச்சு வைக்கலாம். உடனடியாக ஒட்டும் பசை வேண்டாம், அது நூலை மொறுமொறுப்பாக்கி முடிச்சுக்குப் பக்கத்திலேயே ஒடியவைக்கும்.

மறுபக்கக் கொக்கியைக் கட்டும்போது மணிகளை நெருக்கித் தள்ளி நூலை விறைப்பாக இழுக்கக் கூடாது. ஓரிரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். மாலையை விரலில் தொங்கவிட்டால் வளைவாக இறங்க வேண்டும். முறுக்கிக்கொண்டு கோணலாக நின்றால் இறுக்கம் அதிகம் என்று பொருள். கம்பி நூலுக்கும் இதே விதி. குழாய்மணியை நசுக்குமுன் தளர்வு விட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நசுக்கியபின் திருத்த முடியாது.

கொக்கியை மாலையோடு இணைக்கும் சின்ன வளையத்தைத் திறக்கவும் ஒரு முறை இருக்கிறது. இரு முனைகளையும் எதிரெதிராக அகற்றி இழுத்தால் வட்டம் கெட்டு மீண்டும் சேராது. கதவைத் திறப்பதுபோல் ஒரு முனையை முன்பக்கமும் மறுமுனையைப் பின்பக்கமும் தள்ளித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். "நூல் அறவே இல்லை, ஆனாலும் மாலை காணோம்" என்றால் பெரும்பாலும் இந்த வளையம் வாய் திறந்திருக்கும்.

செய்த அன்றே அணியாமல் ஓரிரவு ஆணியில் தொங்கவிடுங்கள். நைலானும் பட்டும் சிறிது இளகும். காலையில் பார்த்து இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் ஒரு பக்கத்தைப் பிரித்துச் சரிசெய்யலாம்.

மணிக்கு மணி முடிச்சு

முத்து, பவளம், ஸ்படிகம் போன்றவற்றில் ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சிடுவது வழக்கம். 108 மணி கொண்ட ஜபமாலைகள் பலவும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. இதன் பயன் தெளிவானது. நூல் ஓரிடத்தில் அறுந்தால் ஒரு மணிதான் விழும், மாலை முழுவதும் கொட்டாது. மணியும் மணியும் உரசித் தேய்வதும் குறையும்.

முதல் முயற்சியிலேயே இதில் இறங்க வேண்டாம். முடிச்சு வளையத்தின் உள்ளே ஒரு தையல் ஊசியைச் செருகி, ஊசியால் வளையத்தை மணியின் வாய்வரை நகர்த்தி, பிறகு ஊசியை உருவி இறுக்க வேண்டும். ஊசி இல்லாமல் போட்டால் முடிச்சு மணியைவிட்டுத் தள்ளியே நிற்கும். ஒவ்வொரு முடிச்சும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடம் எடுத்துக்கொள்ளும் என்றால், 70 மணியில் மாலை 7 சென்டிமீட்டர் நீளும். மணியை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். நூல் மாலையைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். பத்து மணியில் ஒரு கைச்சரம் கட்டிப் பழகிவிட்டு மாலைக்கு வருவது நல்லது.

பாட்டியின் மாலையைப் பிரிக்கும்போது

பழைய மாலையைத் தொடுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். எந்த மணிக்கு அடுத்து எது, எந்த இடத்தில் குண்டு, எங்கே கருகமணி என்ற வரிசை படத்தில் இருக்கட்டும். நூல் இன்னும் அறாமல் இருந்தால், மாலையை நீளவாக்கில் ஒட்டும் டேப்பின்மேல் பதித்துவிட்டுப் பிறகு நூலை உருவினால் மணிகள் வரிசை மாறாமல் நிற்கும்.

சுத்தம் செய்கிறேன் என்று எலுமிச்சையிலோ வினிகரிலோ போடுவது பெருந்தவறு. முத்தும் பவளமும் சுண்ணச் சத்தால் ஆனவை. புளிப்பு அவற்றை அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். தங்கக் குண்டுகளில் பலவும் உள்ளே அரக்கு அடைத்தவை. வெந்நீரில் போட்டால் அரக்கு இளகும், குண்டு நசுங்கும். மதிப்பு தெரியாத பழைய நகையானால் முதலில் நம்பகமான பொற்கொல்லரிடம் காட்டுவதே முறை. தாலிச்சரட்டை மாற்றுவதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும் நாளும் முறையும் உண்டு. அதை வீட்டுப் பெரியவர்களின் சொற்படி செய்துகொள்ளலாம்.

குன்றிமணியைத் தவிருங்கள்

விதைகளைக் கொண்டு மாலை செய்வது அழகான பழக்கம். ஆனால் ஒரு விதை மட்டும் வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி, பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக இருந்தது; பிள்ளையார் சிலைக்குக் கண்ணாக வைக்கப்படுவது. அதன் உள்ளே அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடையாத விதை கெட்டியானது. மாலைக்காகத் துளையிடும்போது அந்தத் தோல் உடைகிறது. துளையிட்ட விதையைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் மென்றாலும் உயிருக்கே ஆபத்து நேரலாம். துளையிடும்போது பறக்கும் தூளும், விரலில் ஊசி குத்துவதும்கூட ஆபத்தானவை. 2011இல் பிரிட்டனில் ஒரு புகழ்பெற்ற தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற குன்றிமணிக் கைச்சரங்களைத் திருப்பித் தருமாறு வாங்கியவர்களைக் கேட்டுக்கொண்டது.

இங்கே குழப்பத்திற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளி வளாகங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் சாகா மரத்தின் அடியில் பிள்ளைகள் பொறுக்கும் சிவப்பு விதை வேறு. அதை நாம் ஆனைக்குன்றிமணி என்போம். அது பொட்டில்லாமல் முழுச் சிவப்பாக, சற்றுத் தட்டையாக இருக்கும். குன்றிமணியோ கொடியில் காய்ப்பது. மலாயில் இரண்டுக்கும் சாகா என்ற பெயரே வழங்குவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட வாய்ப்பிருக்கிறது. கறுப்புப் பொட்டைப் பாருங்கள். பொட்டு இருந்தால் மாலைக்கு எடுக்காதீர்கள். ஆனைக்குன்றிமணியையும் பச்சையாக வாயில் போடக் கூடாது.

கைக்குழந்தையின் கழுத்தில் எந்த மணிமாலையும் வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல் முளைக்கும்போது வலி குறையும் என்று நம்பிப் போடும் மணிமாலைகளைக் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. தூக்கத்தில் கழுத்து இறுகியும், உதிர்ந்த மணி தொண்டையில் அடைத்தும் குழந்தைகள் பாதிக்கப்பட்டதே காரணம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் மணி டப்பாவுக்கு இறுகிய மூடி இருக்கட்டும், வேலை முடிந்ததும் துவாலையை வெளியே உதறாமல் உள்ளேயே தட்டி எண்ணிவிடுங்கள். கைவிரல் நடுக்கமுள்ள மூத்தவர்களுக்குக் காந்தக் கொக்கி வசதியானது. ஆனால் இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடல் சுவரையே துளைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

விற்க நினைப்பவர்களுக்கு

தீபாவளிச் சந்தை, பாசார் மாலாம், பள்ளிப் பெற்றோர் சங்கக் கடை, வாட்ஸ்அப் குழு எனக் கைவேலையை விற்க இன்று வழிகள் இருக்கின்றன. நம் பெண்கள் பலர் இதில் இறங்கி, ஓராண்டில் களைத்து விட்டுவிடுகிறார்கள். வேலையில் குறை இல்லை. விலை போடுவதில்தான் குறை.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்குப் பார்ப்போம். மணி, நூல், கொக்கி எல்லாம் சேர்த்து ஒரு மாலைக்கு 7 ரிங்கிட் ஆகிறது, செய்ய ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 ரிங்கிட்டுக்கு விற்றால் 8 ரிங்கிட் லாபம் என்று தோன்றும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்; ஒரு மணி நேரத்திற்கு 8 ரிங்கிட் 72 சென். ஒன்றரை மணி நேர உழைப்புக்கு 13 ரிங்கிட் 8 சென் வர வேண்டும். அப்படியானால் அந்த மாலையின் அடக்க விலையே 20 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. கடை வாடகை, பெட்டி, பெட்ரோல் இன்னும் சேரவில்லை. 15 ரிங்கிட்டுக்கு விற்பவர் தன் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இலவசமாகக் கொடுக்கிறார்.

பெரிய ஆலையில் செய்து வரும் மாலை 10 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது யார் 25 கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அந்த மாலையோடு விலையில் மோதி வெல்ல முடியாது. ஆலை செய்யாத வேலை ஒன்று உண்டு: பழைய மாலையைப் பிரித்து, வரிசை மாறாமல், அளவுக்கேற்பக் கோத்துத் தருவது. அதற்குப் பொருள்செலவு நூலும் கொக்கியும்தான். கேட்பதெல்லாம் கூலி. ஆனால் பிறர் நகையை வாங்கும்போது அவர்கள் முன்னிலையிலேயே மணிகளை எண்ணி, படம் எடுத்து, எண்ணிக்கையைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. உறவுக்காரர் என்றால் இன்னும் நல்லது.

செய்த மாலையை வைத்திருப்பது

மணிமாலையை ஆணியில் நிரந்தரமாகத் தொங்கவிட்டால் நூல் நீண்டுகொண்டே போகும். துணிப்பையில் படுக்கவைத்து, ஒவ்வொரு மாலைக்கும் ஒரு பை என்று பிரித்து வையுங்கள். வாசனைத் திரவியம், தலைமுடித் தைலம் எல்லாம் பூசி முடித்தபிறகு மாலையை அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் மாலையைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள்.

தீபாவளிக்கு நகைகளை வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு மாலையிலும் கொக்கிக்குப் பக்கத்திலுள்ள மூன்று மணிகளை விலக்கி நூலைப் பாருங்கள். பெரும்பாலும் மாலை முதலில் அறுவது அந்த இடத்தில்தான். நூல் அங்கே கறுத்தோ, பிசிறு விட்டோ, மணிகளுக்கு இடையில் அகலமாகத் தெரிந்தோ இருந்தால் அந்த ஆண்டு அதை அணிய வேண்டாம். நூலை மாற்றிய பிறகு அணிந்துகொள்ளலாம்.